தோற்ற ஆட்டத்தோடு உட்காருங்கள்

பெங்களூரு லிங்கராஜபுரம் மேம்பாலத்து மாலை நெரிசலில் பஸ் நின்றுவிட்டால், கைபேசியில் செஸ் ஆடும் யாராவது ஒருவர் கண்ணில் படாமல் போகமாட்டார். மூன்று நிமிட பிளிட்ஸ். தோற்ற கையோடு கட்டைவிரல் அடுத்த ஆட்டத்தைத் தட்டிவிடுகிறது. ஆபீஸ், வீடு, பிள்ளைகள் படிப்பு என்று ஓடும் ஓட்டத்துக்கு நடுவே இத்தனை ஆசையாக ஆடுகிறவர்களின் ரேட்டிங் மட்டும் வருஷக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. திறமைக் குறைவு அல்ல இதற்குக் காரணம். ஆடுவதையே பயிற்சி என்று நினைத்துவிடுகிறோம்.

உளவியல் ஆய்வாளர் நீல் சார்னஸும் அவரோடு சேர்ந்தவர்களும் போட்டி ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவருடைய ரேட்டிங்கோடு மிக நெருக்கமாக ஒட்டிவந்தது, அவர் தனியாக உட்கார்ந்து ஊன்றிப் படித்த நேரம்தான் என்பது அதன் முடிவு. போட்டிகளில் ஆடிய நேரம் அந்த அளவுக்கு எடை பெறவில்லை.

பின்னாளில் உலகப் பட்டம் வென்ற குகேஷுக்குச் சென்னையில் பயிற்சி கொடுத்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா ஒரு துணிச்சலான காரியம் செய்தார். கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும்வரை பையனை கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே விடவில்லை. உலகமே எஞ்சினை நம்பிக் கிடந்த காலத்தில், தானே யோசித்து, தானே தப்புச் செய்து, தானே திருத்திக்கொள்ள வைத்தார். பன்னிரண்டு வயதில், 2019 ஜனவரியில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

நாம் செய்வது நேர் எதிர். ஆட்டம் முடிந்ததும் எஞ்சினைத் திறக்கிறோம், எந்த நகர்த்தல் தப்பு என்று சிவப்பில் காட்டுகிறது, தலையாட்டிவிட்டு மூடுகிறோம். எது சரியான நகர்த்தல் என்பதை அது சொல்லும். அது ஏன் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை அதனால் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாரத்தில் இரண்டு ஆட்டம், பதினைந்து நிமிடமும் நகர்த்தலுக்குப் பத்து வினாடி கூடுதலுமாக ஆடுங்கள். முடிந்ததும் நிலை மாறிய இடத்தைப் பலகையில் அடுக்கி, அப்போது மனசில் ஓடியதை எழுதுங்கள். “குதிரை அங்கே வரும் என்று பார்க்கவே இல்லை”, “ராணியை வெட்டும் அவசரம்” என்று உள்ளதை உள்ளபடி. எஞ்சின் அதற்குப் பிறகு. பத்து ஆட்டம் போனால் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதுதான் உங்கள் பாடத்திட்டம். எந்தக் கோச்சிங் வகுப்பும் இவ்வளவு கச்சிதமாக உங்களுக்கென்று தயாரித்துத் தராது.

ஓப்பனிங் வீடியோக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டாவது நகர்த்தலிலேயே காயைச் சும்மா கொடுத்துவிடுகிறவருக்கு இருபது நகர்த்தல் மனப்பாடம் எதற்கு?

அந்த நேரத்தை எண்ட்கேமுக்குக் கொடுங்கள். பலகையில் மூன்றே காய் வையுங்கள். கறுப்பு ராஜா தன் கடைசி வரிசையில். அதே நேர்கோட்டில், நடுவில் ஒரு கட்டம் விட்டு, ஆறாம் வரிசையில் வெள்ளை ராஜா. அதற்கு நேர் பின்னால் ஐந்தாம் வரிசையில் வெள்ளைச் சிப்பாய். பலகையின் இரண்டு ஓரக் கோடுகளைத் தவிர வேறு எங்கே இப்படி அமைந்தாலும், யார் முறையாக இருந்தாலும் வெள்ளைக்கு வெற்றி. இதிலேயே சிப்பாய் முந்திக்கொண்டு ஆறாம் வரிசைக்குப் போய், ராஜா அதற்குப் பின்னால் நின்றால், கறுப்பு சரியாக ஆடி டிரா வாங்கிவிடும். ராஜா முன்னே, சிப்பாய் பின்னே. இரண்டு பக்கமும் நீங்களே ஆடிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும்.

இது சின்னப் பிள்ளைப் பாடம் அல்ல. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தில், அன்றைய சாம்பியன் டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானைகளையும் பிஷப்புகளையும் மாற்றிக்கொண்டார். மிச்சம் இருந்தவை ராஜாக்களும் சிப்பாய்களும்தான். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். அந்தத் தவறிலிருந்து மூன்றே நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகப் பட்டமே அப்படித்தான் கைமாறியது.

மூன்றாவதாகப் புதிர்கள். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக மணிலாவில் இருந்தபோது, பகலில் டி.வி.யில் செஸ் நிகழ்ச்சி ஒன்று வரும். அவர் பள்ளியில் இருக்கும் நேரம் அது. அம்மா சுசீலா அந்தப் புதிர்களை எழுதி வைப்பார். மாலையில் இருவரும் உட்கார்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசாகப் புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் நிகழ்ச்சிக்காரர்களே, வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்கள். காய்களைத் தொடாமல் கடைசிவரை மனசில் கணக்குப் போட்டுவிட்டு நகர்த்தினால்தான் புதிரால் பயன். ஊகித்துத் தட்டுகிற நூறைவிட யோசித்துப் போட்ட ஐந்து மேல்.

பிள்ளையை செஸ் வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் வண்டியோடு காத்திருக்கும் அப்பா அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை தோற்ற ஆட்டத்தை இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பலகையில் அடுக்கச் சொல்லி, பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். உங்களுக்கு வயது நாற்பது ஆகியிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த நாள் உங்கள் ஆட்டத்தை அடுக்குங்கள்.