பழைய பைக்குக்குப் பிஸ்டன் வாங்கும் முன்

"கம்பெனி பீஸ்தான் சார், நம்பி எடுத்துட்டுப் போங்க." ஆர்எக்ஸ் 100-க்குப் பிஸ்டன் தேடிக் கடை ஏறுகிறவர் காதில் முதலில் விழுவது இதுதான். யமஹா அந்த வண்டியின் தயாரிப்பை 1996-லேயே நிறுத்திவிட்டது. மோகம் மட்டும் நிற்கவில்லை. 1932-ல் வந்த ஃபோர்டு வி8 இன்ஜினைக் குடைந்து குடைந்து ஹாட் ராட் என்ற வேக வண்டிகளைக் கட்டிய அமெரிக்க இளைஞர்களைப் போல, நம் ஊரிலும் ஒரு தலைமுறை இந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைக் கழற்றி மாட்டியே தொழில் கற்றது. தேவை குறையாததால் போலிச் சரக்குக்கும் பஞ்சமில்லை. சென்னை புதுப்பேட்டையானாலும் இணையக் கடையானாலும், நேர்மையான வியாபாரிக்குப் பக்கத்திலேயே மற்றவர்களும் இருக்கிறார்கள்.

ஏமாந்தால் போவது பணம் மட்டுமல்ல. அளவு தவறிய பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். 'சீஸ் ஆயிருச்சு' என்பார்கள் மெக்கானிக்குகள். ஓட்டத்தில் அது நடந்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கிளட்ச்சைப் பிடிக்கத் தவறினால் வண்டி சறுக்கும். நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வந்துகொண்டிருந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

வண்டியின் பெயரைச் சொல்லிப் பிஸ்டன் வாங்கக் கூடாது; அளவைச் சொல்லி வாங்க வேண்டும். ஆர்எக்ஸ் 100-ன் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். ஆர்எக்ஸ் 135-க்கு அது 58. ஏற்கெனவே போர் போட்ட, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிய வண்டி என்றால் பிஸ்டனின் தலையில் 0.25, 0.50 என்று ஓவர்சைஸ் எண் இருக்கும். இங்கிலாந்து வழி வந்த பழைய புல்லட்டில் கணக்கே வேறு. அங்கே 20 என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது 0.508 மில்லிமீட்டர்.

ஆனால் எண்ணை ராவி எடுத்துவிடலாம், புதிதாகக் குத்தவும் செய்யலாம். ஆகவே மைக்ரோமீட்டரைத்தான் நம்ப வேண்டும். அதிலும் எந்த இடத்தில் அளக்கிறோம் என்பது முக்கியம். பிஸ்டன் பார்க்க வட்டமாக இருந்தாலும் உண்மையில் லேசான நீள்வட்டம்; மேலே குறுகி, கீழே சற்று அகன்றிருக்கும். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின் (pin) செல்லும் துளைக்குக் குறுக்குத் திசையில், பாவாடைப் பகுதியின் (ஸ்கர்ட்) கீழ்ப்புறமாக வைத்து அளக்க வேண்டும். மேலே வைத்து அளந்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்று சொல்பவரிடம் போர் வேலையைக் கொடுக்காதீர்கள்.

விட்டம் பொருந்தினால் மட்டும் போதாது. பின்னின் நடுவிலிருந்து தலை வரையுள்ள உயரம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். அது கூடினால் பிஸ்டன் ஹெட்டில் முட்டும். குறைந்தால் இழுவை போய்விடும். ரிங் காடியின் அகலத்தையும், காடிக்குள் இருக்கும் குட்டிக் குச்சியின் இடத்தையும் பாருங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் ரிங் சுழன்று அதன் முனை போர்ட் துவாரத்தில் மாட்டாமல் தடுப்பது அந்தக் குச்சிதான். ராஜ்தூத் 350 போன்ற இரட்டைச் சிலிண்டர் வண்டி என்றால் இரண்டு பிஸ்டனையும் தராசில் வைத்து எடை பார்த்துவிடுங்கள். பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் போர் போட வேண்டும். முதலில் போரைப் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை.

பழையதைப் புதிதாக்கி விற்பது இன்னொரு வித்தை. மணல் பீய்ச்சித் தலையைப் பளபளப்பாக்கிவிடலாம். ரிங் காடியின் உள்மூலையில் படிந்த கரி அவ்வளவு எளிதில் போகாது. பக்கவாட்டில் லேத் விட்ட மெல்லிய வரிகள் தேய்ந்திருந்தால் அது ஓடிய பிஸ்டன். எண்பதுகளின் ஜப்பான் ஸ்டாக் என்று நீட்டும் டப்பாவில் மின்னஞ்சல் முகவரி அச்சாகியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சட்டம் இதில் வாங்குபவர் பக்கம்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பழைய அல்லது புதுப்பித்த பொருளைப் புதியது என்று விற்பது நேர்மையற்ற வணிகம். பில் தராததும் அதில் சேரும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகை இதிலிருந்து கடைக்காரரைக் காப்பாற்றாது. போலி முத்திரை குத்திய சரக்கை விற்பது வர்த்தகக் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சரிவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு. பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தப்பாகப் போர் போட்ட பட்டறைமீதும் சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்க முடியும். உடைந்த பிஸ்டனைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பக்கூடும், சான்று அதுதான். மெக்கானிக் வாங்கி வந்தாலும் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். அவர் தொழிலுக்காக வாங்கியதாகப் பில் இருந்தால் நீங்கள் நுகர்வோரா என்ற வாதமே முதலில் கிளம்பும்.

வண்டிக்காரருக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. தேய்மானத்துக்கு ஓவர்சைஸ் போடுவது பழுதுபார்ப்பு. 100 வண்டியில் 135-ன் பிளாக்கை ஏற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 98 சி.சி. பொய்யாகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதை அனுமதிப்பதில்லை. 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நாமே ஒரு காரணம் எடுத்துக் கொடுத்தது போலாகும். 50 ஆண்டு தாண்டிய வண்டியை 2021 விதிகளின்படி விண்டேஜ் என்று பதிவு செய்ய நினைப்பவர்கள் இன்ஜினை மாற்றியமைத்திருக்கக் கூடாது என்பதையும் நினைவில் வைக்கவும்.

பில்லில் வெறுமனே 'பிஸ்டன் 1' என்று எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். பிராண்டு, ஓவர்சைஸ் அளவு, புதியதா புதுப்பித்ததா என்ற மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குகிற கடை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.