ஆறு தோட்டாவுக்கு எங்கே போவது?

மூலக்கொத்தளம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு முதலில் சுடுகாடுதான் நினைவுக்கு வரும். அடுத்து, அங்கே துயிலும் மொழிப்போர் தியாகிகள் நடராசனும் தாளமுத்துவும். பெயரிலேயே இருக்கும் கொத்தளத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. மதிலிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் பீரங்கி மேடைக்குத்தான் கொத்தளம் என்று பெயர். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கறுப்பர் நகரத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டையை முற்றுகையிட்டார். பத்தாண்டு கழித்து மைசூர்க் குதிரைப்படை ஊர் விளிம்பு வரை வந்து போனது. மிரண்டுபோன கும்பினி, கறுப்பர் நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பியது. அந்த மதிலுக்காக மக்களிடம் வரி வாங்க நினைத்ததன் மிச்சம்தான் வால்டாக்ஸ் ரோடு. மதிலில் ஒரு துண்டு இன்றும் மாடிப் பூங்காவாக நிற்கிறது. வடமேற்கு மூலையில் இருந்த கொத்தளம் மூலைக்கொத்தளமாகி, பேச்சில் தேய்ந்து மூலக்கொத்தளம் ஆயிற்று என்பார்கள்.

கொத்தளம் என்றால் பீரங்கி, பீரங்கி என்றால் மருந்து. இங்கிருந்து புளியந்தோப்புப் பக்கம் போனால் பவுடர் மில்ஸ் ரோடு என்று பலகை இருக்கிறது. முகத்தில் பூசுகிற பவுடர் இல்லை, வெடிமருந்து. அந்தக் காலத்துத் துப்பாக்கிக்குத் தீனி போடுவது பெரிய வித்தையல்ல. வெடியுப்பு, கந்தகம், கரி, ஈயம் நான்கும் கிடைத்தால் போதும். கைத்துப்பாக்கி வாங்கினால் பெட்டியிலேயே ஈயக் குண்டு வார்க்கும் அச்சும் சேர்ந்து வரும். குழாயின் வாய் என்ன அளவாக இருந்தாலும் கவலையில்லை, அதற்கேற்ற குண்டை வீட்டிலேயே வார்த்துக்கொள்ளலாம். லண்டனில் செய்தவன் கடையை மூடினாலும் மதராஸில் அந்தத் துப்பாக்கி வெடித்துக்கொண்டுதான் இருக்கும்.

பித்தளைத் தோட்டா வந்ததும் இந்தச் சுதந்திரம் போயிற்று. மருந்தும் குண்டும் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பும் ஒரே குப்பிக்குள் அடைந்தன. மழையில் நனையாது, நொடியில் மாற்றலாம், எல்லாம் சரிதான். ஆனால் ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கட்டுப்பட்டது. அந்த அளவை யாரோ ஒருவர் ஆலையில் செய்துகொண்டே இருக்க வேண்டும். அவர் நிறுத்திவிட்டால், எவ்வளவு நேர்த்தியான ரிவால்வரும் பேப்பர் வெயிட்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் அந்த ‘யாரோ ஒருவர்’ கிடைப்பது கஷ்டமாக இல்லை. ராணுவ அதிகாரிகள் தங்கள் ரிவால்வரைச் சொந்தக் காசில் வாங்கவேண்டியிருந்த காலம் அது. ஆடம்ஸ், டிரான்டர், வெப்லி என்று ஆளுக்கொரு தினுசு வைத்திருந்தார்கள். அத்தனை தினுசுக்கும் ஈலி, கைனாக் கம்பெனிகளின் தோட்டாப் பெட்டிகள் கப்பலில் வந்து இறங்கின. மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த துப்பாக்கிகள் இன்றும் பழம்பொருள் ஏலங்களில் தலைகாட்டும். ஓக்ஸ் அண்ட் கோ பெயரிலும் உண்டு. மணி பார்க்கிற சாமானும் ஆளைச் சுடுகிற சாமானும் ஒரே கம்பெனிப் பெயரில் விற்ற ஊர் இது.

தோட்டா எவ்வளவு தாராளமாகக் கப்பலேறி வந்தது என்பதற்கு ஒரு கணக்கு. 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து வங்கப் புரட்சிக்காரர்கள் ஒரு வண்டிச் சுமையைக் கடத்திக்கொண்டு போனார்கள். அதில் இருந்தவை 50 மாசர் பிஸ்டல்கள், 46,000 தோட்டாக்கள். ஒரு பிஸ்டலுக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம்! சர்க்காரை அதிகம் கலக்கியது பிஸ்டலின் எண்ணிக்கை அல்ல, இந்த இரண்டாவது எண்ணாகத்தான் இருந்திருக்கும். ஐம்பது பிஸ்டல் ஐம்பது பேர் கைக்குப் போகும். 46,000 தோட்டா பல வருஷத்துக்குத் தாங்கும்.  

தோட்டாவுக்கு வயதானால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒரே நாளில் தெரிந்துகொண்டது. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. ராதாவும் சுட்டுக்கொண்டார். அவ்வளவு கிட்டத்திலிருந்து சுட்டும் இருவருமே பிழைத்தது எப்படி? கடவுள் கிருபை, தாயின் ஆசி, ரசிகர்களின் வேண்டுதல் என்று ஊர் சொன்னது. தடயவியல் தரப்பிலிருந்து வந்த விளக்கத்தில் இவ்வளவு உருக்கம் இல்லை. ராதா அந்தத் தோட்டாக்களை வாங்கியது 1950-இல். பதினைந்து வருஷத்துக்கும் மேலாக மேசை இழுப்பறையில் ஒரு தகர டப்பாவில் சும்மா போட்டு வைத்திருந்தார். இழுப்பறையைத் திறந்து மூடும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உருண்டு உரசி வலுவிழந்திருந்தன. தோட்டாக்கள் புதிதாக இருந்திருந்தால் தமிழ்நாட்டு அரசியல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஒரு தகர டப்பாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டாம்.

இன்று ஒருவர் தாத்தாவின் ரிவால்வரை வைத்துக்கொண்டு ஆறு தோட்டா தேடிப் புறப்பட்டால் கதை வேறு. 1980-களின் நடுவில் தனியார் இறக்குமதி நின்றது. அதன் பிறகு பெரும்பாலும் உள்நாட்டு ஆலைகளை நம்பித்தான். புனேக்குப் பக்கத்தில் கட்கியில் 1869-இல் தொடங்கிய தோட்டா ஆலை அவற்றில் பழைய ஒன்று. 2021 அக்டோபரில் ஆலைகள் கம்பெனிகளாகப் பிரிந்தபோது தோட்டா ஆலைகள் முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற பெயருக்குள் போயின. ஆலைகள் என்ன அளவு செய்கின்றனவோ அந்த அளவுத் துப்பாக்கிக்குத்தான் வாழ்வு.

இதில் பாயிண்ட் 32 என்ற அளவுக்கு அடித்தது யோகம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1896-இல் கொண்டுவந்த நீளத் தோட்டாவும், பெல்ஜியத்து பிரௌனிங் பிஸ்டலோடு 1899-இல் வந்த தோட்டாவும் நம் நாட்டில் இன்னும் செய்யப்படுகின்றன. கான்பூர் ஆலை 2014-இல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்திய ‘நிர்பீக்’ அரைக் கிலோ எடைதான், அதுவும் பாயிண்ட் 32. உத்தரப் பிரதேசத்துச் சண்டீலாவில் 2020-இல் வெப்லி பெயரில் தொடங்கிய ரிவால்வரும் அதே அளவுதான். ஆக, நூறு வயதான பாயிண்ட் 32 வைத்திருப்பவர் லைசென்ஸோடு கடைக்குப் போனால் தோட்டா வாங்கிவிடலாம். முதல் உலகப்போர் பார்த்த பாயிண்ட் 455 வெப்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ராணுவத் தோட்டா என்பதால் அதையும் பாயிண்ட் 380-யையும் சட்டம் தடைசெய்யப்பட்ட ரகத்தில் சேர்த்துவிட்டது. பாயிண்ட் 450 ஆடம்ஸ், பாயிண்ட் 442 வெப்லி மாதிரியானவை பாவம். அவற்றைச் சட்டம் அப்படிப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. அவற்றுக்குத் தோட்டா செய்ய இங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பழைய பித்தளை உறை, கேப், மருந்து, ஈயம் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி வீட்டு மேசையில் வைத்தே தோட்டா கட்டிக்கொள்கிறார்கள். அங்கே அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் அதைச் செய்யும் கருவிகளையும்கூட தோட்டாக் கணக்கிலேயே சேர்க்கிறது. லைசென்ஸ் இல்லாமல் கட்டினால் அது கள்ள உற்பத்தி. கெடுபிடி அதிகம் என்று சேகரிப்பாளர்கள் புலம்புவார்கள். எனக்கு அந்தப் புலம்பலில் பாதிக்குத்தான் சம்மதம். இங்கிலாந்தில் தோட்டா வழக்கொழிந்த பழைய ரிவால்வர்களை ‘பழம்பொருள்தானே’ என்று லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள விட்டிருந்தார்கள். ஒரு வியாபாரி அவற்றுக்குக் கையாலேயே தோட்டா கட்டிக் குற்றக் கும்பல்களுக்கு ஓட்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட குற்ற இடங்களில் அவர் சரக்கு கிடைத்தது. 2017-இல் அவருக்கு முப்பது ஆண்டுச் சிறை. 2021-இல் ஏழு அளவுகளை அந்தச் சலுகைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

நம் உள்துறை அமைச்சகம் 2020 பிப்ரவரியில் ஒரு வழி கண்டுபிடித்தது. அரும்பொருள் என்ற வகையில் வரும் பழைய துப்பாக்கியை இந்தியக் குடிமக்கள் லைசென்ஸ் இல்லாமலே வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். சுடவோ வெளியே எடுத்துப்போகவோ மட்டும் லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸில் துப்பாக்கி பதிவாகாதவரை அதற்குத் தோட்டா விற்கக் கூடாது. பூனையை வளர்க்கலாம், நகம் மட்டும் சர்க்காரிடம் இருக்கும் என்கிற ஏற்பாடு. பீரங்கி மேடையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நூற்றாண்டுகளாகக் குடியிருக்கும் பேட்டைக்கு இது புதிதல்ல.

இதில் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. தாத்தா விட்டுப்போன துப்பாக்கியைச் சுவரில் மாட்டியாயிற்று. அவர் டப்பாவில் விட்டுப்போன நாலு தோட்டா? சலுகை துப்பாக்கிக்குத்தான், தோட்டாவுக்கு இல்லை. பச்சைக் களிம்பேறி, வெடிக்குமா என்று அதற்கே சந்தேகம் வந்துவிட்ட வயதிலும் சட்டத்தின் கண்ணுக்கு அது தோட்டாதான். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தால் பிரச்சினை தீர்ந்தது. பலருக்கு அது நினைவுக்கே வருவதில்லை. பழைய கைப்பையின் ஓரத்தில் உருண்டு கிடந்த ஒன்று மீனம்பாக்கம் ஸ்கேனரில் தெரிகிறபோதுதான் தாத்தா நினைவுக்கு வருகிறார். மத்தியப் படைக்காரர் பையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்கிற முதல் கேள்வி எப்படியும் இதுதான்: “துப்பாக்கி எங்க சார்?”