குமரி டு காஷ்மீர் நடைப்பயணம்: கிளம்பும் முன் கால்களைத் தயார் செய்வது எப்படி?

ஓசூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிறது. நீளம் 3,700 கி.மீ-க்கும் மேல். முதுகில் பெரிய பையோடு இந்தச் சாலையில் தனியாக நடந்து போகிறவர்களை கம்பெனி பஸ் ஜன்னல் வழியாக நீங்களும் பார்த்திருக்கலாம். ‘நாமும் ஒருமுறை போனால் என்ன?’ என்ற ஆசை வந்துவிட்டதா? கெலமங்கலம், ஓசூர் பக்கம் இருந்துகொண்டே அதற்கு எப்படித் தயாராவது என்று பார்ப்போம்.

எத்தனை நாள் ஆகும்?

ஒரு நாளைக்கு 25 கி.மீ., வாரம் 6 நாள் நடை, ஒரு நாள் ஓய்வு. அப்படியானால் வாரத்துக்கு 150 கி.மீ. மொத்தம் சுமார் 25 வாரங்கள், அதாவது ஆறு மாதம்.

ராகுல் காந்தியின் பாரத் ஜோடோ யாத்திரை 2022 செப்டம்பர் 7-ல் கன்னியாகுமரியில் கிளம்பி, 2023 ஜனவரி 30-ல் ஸ்ரீநகரில் முடிந்தது. சுமார் 4,000 கி.மீ. தூரத்தை ஐந்து மாதத்துக்குள் முடித்தார்கள். ஆனால் அவர்களுக்குத் தூங்க கன்டெய்னர், சமைக்க ஆள் எல்லாம் கூடவே வந்தன. தனியாகப் போகிறவர் அந்த வேகத்தை இலக்காக வைக்கக் கூடாது.

எப்போது கிளம்புவது?

அக்டோபர் முதல் வாரம் குமரியில் தொடங்கினால் நவம்பர் தொடக்கத்தில் ஓசூர், டிசம்பர் கடைசியில் நாக்பூர், பிப்ரவரி நடுவில் டெல்லி, மார்ச் கடைசியில் காஷ்மீர். நாக்பூர் வெயிலிலிருந்தும் காஷ்மீரின் கடும் பனியிலிருந்தும் தப்பிக்கலாம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையில் நனைவதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. ஜம்முவுக்கு மேலே மழைக்கு மண்சரிவும் வரும். அங்கே சில நாள் காத்திருக்கவும் நேரம் ஒதுக்குங்கள்.

‘தினமும் ஜிம் போறேன், எனக்கென்ன?’

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. அதற்கு மாதக்கணக்கு ஆகும். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று முதல் வாரமே 35 கி.மீ. நடந்தால், மூன்றாவது வாரம் கால் பழிவாங்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில், விரலால் தொட்டாலே வலித்தால் அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. நடையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

அதனால் குறைந்தது நான்கு மாதம் பயிற்சி தேவை.

● முதல் மாதம்: வாரம் 4 நாள், 5 கி.மீ. பை வேண்டாம்.
● அடுத்து: வாரத்துக்குச் சுமார் 10 சதவீதம் மட்டும் தூரத்தைக் கூட்டுங்கள். நான்காவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள்.
● மூன்றாவது மாதம்: பையோடு நடை. 3 கிலோவில் தொடங்கி மெதுவாக ஏற்றலாம்.
● கடைசி மாதம்: சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து 20 கி.மீ.

நைட் ஷிப்ட் முடித்த கையோடு நீண்ட நடை வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் லாரிகள் ஓடும் சாலையில் நடப்பது ஆபத்து.

எங்கே பயிற்சி எடுப்பது?

ஏற்றம் பழக ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலையும் ராயக்கோட்டை கோட்டை மலையும் இருக்கின்றன. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை அதிகம். அவசரப்படாமல் இறங்கிப் பழகுங்கள்.

தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி காடுகளுக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது. ராகி அறுவடைக் காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பகுதிக்கு வருவது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். காட்டை ஒட்டிய சாலைகளில் விடிந்த பிறகு மட்டுமே நடங்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்ற விதிகள் கடுமையாகிவிட்டன. காட்டுப் பாதையில்தான் நடக்க வேண்டும் என்றால், வனத்துறை 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் பதிவு செய்யலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் சிகரமும் அந்தப் பட்டியலில் உண்டு.

பையில் என்ன?

தண்ணீரோடு சேர்த்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ ஆள் என்றால் 12 கிலோ. 8 கிலோவில் முடித்தால் இன்னும் நல்லது. நெடுஞ்சாலை ஓரம் பெரும்பாலும் சாப்பாடு கிடைக்கும் என்பதால் அடுப்பு, பாத்திரம் தேவையில்லை.

● ஷூ: நடக்க நடக்கப் பாதம் வீங்கும். மாலையில் கடைக்குப் போய், அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள். புது ஷூவோடு பயணம் கிளம்பாதீர்கள். கம்பெனி சேஃப்டி ஷூ இதற்கு ஆகாது.
● சாக்ஸ்: பருத்தி ஈரத்தைப் பிடித்து வைக்கும், கொப்புளம் வரும். கம்பளி அல்லது சிந்தெடிக் நல்லது. காலில் ஓர் இடம் சூடாக உரசினால் உடனே நின்று டேப் ஒட்டுங்கள்.
● ஓ.ஆர்.எஸ்.: வியர்வையில் உப்பும் போகிறது. மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறையும்.
● ஒளி பிரதிபலிக்கும் ஜாக்கெட்: மழையிலும் மூடுபனியிலும் உயிர் காக்கும். இருந்தாலும் இருட்டில் நடக்காதீர்கள். சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் போங்கள். இல்லாத இடத்தில், எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக நடங்கள்.

வேலை, பணம், போன்?

ஆறு மாத லீவு பெரும்பாலும் கிடைக்காது. வேலையை விட்டால் கம்பெனி மருத்துவக் காப்பீடும் போய்விடலாம் என்பதால் தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள். ஒரு நாள் செலவை 180-ஆல் பெருக்கி, அதோடு ஆறு மாத இ.எம்.ஐ., திரும்பி வந்து வேலை தேடும் இரண்டு மாதச் செலவு எல்லாம் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்னொன்று, வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு-காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

தயாராகிவிட்டோமா என்று எப்படித் தெரியும்?

ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் ஒரு ஒத்திகை பாருங்கள். முழு எடைப் பையோடு முதல் நாள் கெலமங்கலத்திலிருந்து ராயக்கோட்டை, இரண்டாம் நாள் கிருஷ்ணகிரி. அங்கேயே தங்கி, மூன்றாம் நாள் காலை எழுந்து 10 கி.மீ. நடங்கள். நொண்டாமல் முடித்தால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். முடியவில்லையா? கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, இன்னும் ஆறு வாரம் பயிற்சி எடுங்கள். நாக்பூர் தாண்டிய பிறகு இது தெரியவருவதைவிட, இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது.