நாரி நோவும் மனத்துயரும்

மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டை, எல்கடுவை மலைச்சரிவுகளிலே கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கயிறு நெற்றியிலே, பாரம் முதுகிலே, காலோ சறுக்கு நிலத்திலே. நாளடைவில் நாரியில் நோக் காணுதல் வியப்பன்று. அது மூன்று திங்களுக்கு மேல் நீடிப்பின் நாட்பட்ட நோ என்பர் மருத்துவர். யாழ்ப்பாணத்தார் நாரிப்பிடிப்பு என்பதை மலையகத்தார் இடுப்பு வலி என்பர். பெயர் யாதாயினும், குறித்த நிறை பறிக்கவியலாதவளுக்கு அன்று அரைப்பேர் விழுவதுண்டு. ஆதலின் வலி மெய்யோ பொய்யோ என்னும் வினா ஆங்கே அடுப்பையும் தொடுகின்றது.

படமெடுத்தால் விடை கிடைக்கும் எனப் பலரும் நம்புவர். 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நாரி நோவே இல்லாத 98 பேர் எம்.ஆர்.ஐ. படத்தால் ஆராயப்பட்டனர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர்க்கு முள்ளந்தண்டின் இடைத்தட்டு ஓரிடத்திலேனும் புடைத்திருந்தது. தலை நரைத்தல் போன்றதே தட்டுத் தேய்வும். அது பெரும்பாலும் வயதின் அடையாளம்.

தட்டினுள்ளே ஊசியாற் சாயநீர் செலுத்தி, ‘இதுவோ உமது வலி?’ என வினவும் சோதனையொன்றும் உண்டு. சுவீடன் நாட்டு லிண்ட்புளொம் 1948இல் இதனை அறிமுகஞ் செய்தார். ஊசி செம்மையானதே, விடை கூறுவதோ ஊசியன்று, மனிதர். நாரி நோவில்லாதாரிடத்து இதனைச் செய்துபார்த்த யூஜின் கரேஜி என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 2000இல் தம் முடிவை வெளியிட்டார். உடலின் பிறிதோரிடத்தில் நாட்பட்ட வலியுடையோரும் மனத்துயர் மிக்கோரும், ஏனையோரைக் காட்டிலும் மிகுதியாக ‘வலிக்கின்றது’ என்றனர். குற்றமற்ற தட்டின்மேற் பழி விழுகின்றது. அதனை நம்பிக் கத்தி வைப்பின் நோ நீங்குமோ?

அவர்கள் பாசாங்கு செய்தனர் என்பது பொருளன்று. உறக்கமின்மையும் கவலையும் நரம்பு மண்டலத்தின் கூருணர்வைப் பெருக்கும். சிறு தூண்டலும் பெருவலியாகும். வடெல் என்பார் 1980இல் உடற்காரணத்தால் மட்டும் விளக்கவொண்ணாத ஐவகைக் குறிகளை வகுத்தார். அவற்றைப் பொய்யைப் பிடிக்கும் பொறியாகச் சிலர் கையாளவே, அவை அதற்கானவை அல்ல என்று அவரும் மெயினும் 1998இல் விளக்க நேர்ந்தது.

கால் வலுவிழத்தல், சிறுநீர் அடக்கவியலாமை, காய்ச்சலோடு கூடிய நோ, காரணமற்ற மெலிவு ஆகியன காணின் தாமதமின்றிச் சோதித்தல் வேண்டும். மனத்துயரைக் காட்டி அவற்றைத் தள்ளுதல் பெரும்பிழை. இவை இல்லாதவிடத்து முதலிற் செய்யத்தக்கது வினவுதலே. மெயினும் பிறரும் 1992இல் வகுத்த முறை, சோர்வைப் பற்றியும் உடலுணர்வுகளைப் பற்றியும் இரு வினாத்தாள்களால் நோயாளரின் துயரை அளவிடும். அதற்குப் பெருங்கருவி வேண்டா. எனினும் வினாக்களை வெறுமனே மொழிபெயர்த்தாற் போதாது. லயத்தில் வாழும் தாயொருத்தி ‘மனச்சோர்வு’ என வாய்திறத்தல் அரிது. ‘உடம்பு அசதி’, ‘நெஞ்சு படபடப்பு’, ‘ராத்திரி தூக்கமில்லை’ என்பாள். கடனையும் கணவனின் குடியையும் பற்றி, கேட்பவர் பொறுமையோடிருந்தாலன்றி அவள் சொல்லாள்.