நாணயத்தின் நாணயம்

‘நாணயம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. இவ்விரண்டும் இணைந்திருந்த காலமும் உண்டு. பிரிந்து நின்ற காலமும் உண்டு. பழைய ஜெர்மானிய அரசுகளின் வெள்ளிக் காசுகளைச் சேகரிப்போர் இவ்விரு காலங்களையும் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கின்றனர்.

1871இல் ஒரே பேரரசாக இணைவதற்கு முன் ஜெர்மனி பல முடியரசுகளாகவும், சிற்றரசுகளாகவும், தன்னாட்சி நகரங்களாகவும் பிரிந்து கிடந்தது. பிரஷ்யா, சாக்சனி, பவேரியா என ஒவ்வோர் அரசும் தனித்தனியே காசு அடித்தது. பெரிய வெள்ளிக் காசுக்குத் ‘தாலர்’ என்று பெயர். பொஹிமியாவிலுள்ள யோவாகிம்ஸ்தால் என்னும் சுரங்க ஊரில் 16ஆம் நூற்றாண்டில் அடிக்கப்பட்ட காசின் பெயரே சுருங்கித் தாலர் ஆயிற்று. ‘டாலர்’ என்னும் சொல்லும் அதன் வழிவந்ததே.

1618இல் முப்பதாண்டுப் போர் மூண்டது. செலவுக்குப் பணம் தேடிய ஆட்சியாளர் பலர், சிறு காசுகளில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினர். பார்வைக்குப் பழைய காசு. மதிப்போ பாதிகூட இல்லை. விலைவாசி ஏறியது. கூலிக்கு உழைத்தவன் பெற்ற காசைக் கொண்டு ரொட்டி வாங்க இயலாது திகைத்தான். அரசு செய்த மோசடியின் சுமை ஏழையின் தலையில் விழுந்தது. 1623ஆம் ஆண்டளவில்தான் நல்ல காசு மீண்டும் புழக்கத்திற்கு வந்தது.

இதற்கு நேர்மாறான காட்சியை 1857இல் காண்கிறோம். ஆஸ்திரியாவும் ஜெர்மானிய அரசுகளும் வியன்னாவில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி 500 கிராம் எடையுள்ள ஒரு பவுண்டு தூய வெள்ளியிலிருந்து 30 தாலர்கள் அடிக்கப்பட்டன. ஒரு காசின் எடை ஏறத்தாழ 18.5 கிராம்; அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. அரசரின் உருவம் ஊருக்கு ஊர் மாறினும், ‘ஒரு பவுண்டு தூய வெள்ளியில் முப்பது’ என்னும் வாசகம் காசிலேயே பொறிக்கப்பட்டது. வாங்குவோன் தராசில் இட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்!

சேகரிப்போரும் அவ்வாறே செய்தல் நலம். எடை குறைந்த காசு போலியாயிருக்கலாம். விளிம்பில் பற்றவைத்த தடம் தெரிந்தால், அது ஒரு காலத்தில் ஆபரணமாகத் தொங்கியிருக்கலாம். கருத்திருக்கிறதே என்று புளியிட்டுத் துலக்கிவிடலாகாது. அக்கருமை காலத்தின் முத்திரை. துலக்கினால் பளபளப்பு வரும், மதிப்புப் போய்விடும்.

மார்க் நாணயம் வந்த பின்னரும் மூன்று மார்க் மதிப்பில் செலாவணியாகி வந்த தாலர், 1907இல் விடைபெற்றது. அடித்த அரசுகள் மறைந்தன. ஆயினும் அக்காசு கொடுத்த வாக்கை இன்றும் தராசு மெய்ப்பிக்கிறது.