"மாமா, அதுங்ககிட்ட பேசிப் பார்க்கலாமா?"

நண்பரின் மகள் கேட்டாள். வயது 14. குகைக்குள் தீயைச் சுற்றி கோப்ளின் எனும் குட்டிப் பூதங்கள் ஆறு உட்கார்ந்திருக்கின்றன என்று நான் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். மினியாபொலிஸில் ஒரு பனிக்காலச் சனிக்கிழமை. நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவளும் அவளுடைய வகுப்புத் தோழர்கள் மூவரும். 17 ஆண்டுகளுக்குப் பிறகு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தேன். கோப்ளின் என்றால் சண்டை என்று என் கை தானாகப் பகடைக்குப் போயிருந்தது.

அவளுக்கான பதில் புத்தகத்திலேயே இருந்தது. 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த 'பேசிக்' விதிப்புத்தகம் அது, 64 பக்கம். எதிர்ப்படும் உயிரினம் எந்த மனநிலையில் இருக்கிறது என்பதை ஆறு முகப் பகடை இரண்டை உருட்டி அறியச் சொல்கிறது. கூட்டுத்தொகை 2 வந்தால் உடனே பாயும். 12 வந்தால் நட்பாகிவிடும். நடுவில் பகை, தயக்கம், பேரம். அந்த அட்டவணை எனக்கு மனப்பாடம். ஆனால் என் பழைய குழுவில் எல்லோரும் தேர்ந்த ஆட்டக்காரர்கள். வாளை உருவுவதே பழக்கமாகி, அட்டவணையைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

உருட்டினேன். 9 விழுந்தது. கோப்ளின்கள் பேரத்துக்குத் தயார். பிள்ளைகள் தங்கள் மூட்டையிலிருந்த ஒரு வார உணவைக் கொடுத்துக் குகையின் பின்வழியைத் தெரிந்துகொண்டார்கள்.

பழைய ஆட்டக்காரர் புதியவர்களோடு மறுபடி உட்காரும்போது, தான் கற்றுக்கொடுக்கப் போவதாக நினைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். அன்று கற்றுக்கொண்டவன் நான்.

விதியில் இல்லாததைச் செய்தவர்கள்

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல். ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்'. பாழடைந்த கோட்டை, குகை, காடு என்று ஓர் உலகத்தை அவர் வாயால் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம்: வீரர், மந்திரவாதி, திருடர், குள்ளர். "என்ன செய்கிறீர்கள்?" என்பது மாஸ்டரின் கேள்வி. ஆட்டக்காரர்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நடக்குமா என்பது சந்தேகமானால் பகடை தீர்க்கும். தாயக்கட்டையிலும் சதுரங்கத்திலும் காய் நகரும் வழிகள் எண்ணப்பட்டவை. இங்கே எண்ணிக்கை கிடையாது.

அந்தச் சுதந்திரம் ஆட்டக்காரர்களால் வந்தது. 1969-இல், நான் இப்போது வசிக்கும் இதே மினியாபொலிஸ்-செயின்ட் பால் இரட்டை நகரப் பகுதியில், டேவிட் வெஸ்லி என்பவர் 'பிரவுன்ஸ்டைன்' என்ற போர் விளையாட்டை நடத்தினார். களம் நெப்போலியன் காலத்து ஜெர்மானிய ஊர். ஆளுக்கொரு படைக்குப் பதில் ஊர்த் தலைவர், வங்கிக்காரர் என்று வேடங்களைக் கொடுத்தார். ஆட்டக்காரர்களோ போர் தொடங்கும் முன்பே தங்களுக்குள் பேசவும் சூழ்ச்சி செய்யவும் இறங்கிவிட்டார்கள். இருவர் ஒற்றைக்கு ஒற்றை மோத வேண்டும் என்றார்கள். அதற்கு விதியே இல்லை. ஆட்டம் கெட்டுப்போனது என்று வெஸ்லி வருந்தினார். ஆட்டக்காரர்கள் இன்னொன்று நடத்தச் சொல்லிக் கேட்டார்கள்.

அவர்களில் ஒருவர் டேவ் ஆர்னெசன். 1971-இல் செயின்ட் பாலில், பெற்றோர் வீட்டின் நிலவறையில், 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டை அவர் தொடங்கினார். 1972-இன் இறுதியில் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவுக்குப் போய் அதை நடத்திக் காட்டினார். அன்று அந்த மேசையில் புதிய ஆட்டக்காரராக உட்கார்ந்தவர் கேரி கைகாக்ஸ். போர் விளையாட்டுகளுக்கு விதி எழுதிய அனுபவம் அவருக்கு நிறையவே உண்டு. இருந்தும் இந்த ஆட்டத்துக்கு அவர் புதியவர்.

பிறகு கைகாக்ஸ் தாமே ஆட்டத்துக்கு ஒரு கற்பனை நிலவறையை வரைந்தார். அதில் முதலில் இறங்கியவர்கள் அவருடைய பிள்ளைகள் எர்னியும் எலிஸும். 3,000 செப்புக்காசு அடங்கிய பெட்டி கிடைத்தது. தூக்க முடியாத கனம் என்பதால் இருவருக்கும் ஏமாற்றம். பிள்ளைகள் தூங்கப் போனதும் கைகாக்ஸ் இரண்டாம் தளத்தை வரைய உட்கார்ந்தார். 1974 ஜனவரியில் அவரும் ஆர்னெசனும் எழுதிய மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில் வெளிவந்தன. விலை 10 டாலர். முதல் அச்சு 1,000 பிரதி.

400 கோப்ளின் கணக்கு

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஆட்டக்காரர் கையேடு மட்டுமே 320 பக்கம். 2024-இல் ஆட்டத்துக்கு 50 ஆண்டு நிறைந்தபோது அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. திருத்திய கையேடும் வந்தது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரைப் பார்த்தும், 'கிரிட்டிகல் ரோல்' குழு ஆடுவதை இணையத்தில் பார்த்தும் இன்று பிள்ளைகள் ஆட்டத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நான் 1981-இன் மெல்லிய புத்தகத்தை எடுத்ததற்குக் காரணம் பழைய நினைவு மட்டுமல்ல.

அதில் கதாபாத்திரம் பத்து நிமிடத்தில் தயார். மூன்று பகடையை ஆறு முறை உருட்டினால் வலிமை, அறிவு முதலிய ஆறு குணங்கள் வந்துவிடும். பிறகு கேள்வி ஒன்றுதான்: என்ன செய்கிறீர்கள்? தீப்பந்தம் ஒரு மணி நேரம் எரியும். மந்திரவாதிக்கு முதல் நிலையில் மந்திரம் ஒன்றே ஒன்று. ஆகவே எந்தத் திறனைப் பயன்படுத்துவது என்று கதாபாத்திரக் குறிப்புத் தாளைப் பார்க்காமல், எதிரில் இருப்பதைப் பார்த்து யோசித்தே ஆக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நிலவறையிலிருந்து மீட்டுவரும் 1 பொற்காசுக்கு 1 அனுபவப் புள்ளி. ஒரு கோப்ளினைக் கொன்றால் 5 புள்ளி. இரண்டாம் நிலைக்கு ஏற வீரருக்கு 2,000 புள்ளி வேண்டும். வெட்டியே ஏற வேண்டுமென்றால் ஒருவருக்கு 400 கோப்ளின்கள் தேவை. சண்டை நட்டத் தொழில் என்று ஆட்டமே சொல்கிறது. பேசுவது, ஒளிவது, ஏமாற்றுவது, திரும்பி ஓடுவது எல்லாம் இலாபம். பழைய குழுவில் எங்களுக்குத் தெரியாததல்ல இந்தக் கணக்கு. அதை ஆட்டமாக்கிக் காட்ட, கோப்ளினை முதன்முதலாகப் பார்க்கும் ஒருத்தி வேண்டியிருந்தது.

சாவைச் சொல்லிவிடுங்கள்

ஒரு தவறும் செய்தேன். இந்த விதிகளில் உயிர்ப்புள்ளி பூஜ்யத்தைத் தொட்டால் சாவு. மந்திரவாதிக்குத் தொடக்கத்தில் பெரும்பாலும் 4 புள்ளிக்கு மேல் இருக்காது. இதை முன்கூட்டியே நான் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் ஒரு பையனின் மந்திரவாதி பெரிய சிலந்தியிடம் மாண்டபோது அவன் முகம் வாடிப்போனது. பெயர் வைத்து, தாடி வைத்து, ஊர் சொல்லி வளர்த்த ஆள் அவனுக்கு அது. ஆட்டத்தை நிறுத்தி அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். மற்ற மூவரும் இறந்தவரைக் குகை வாசலில் அடக்கம் செய்யாமல் நகர மாட்டோம் என்றார்கள். தீப்பந்தம் ஒன்று அதில் வீணானது, யாரும் கவலைப்படவில்லை. அதற்குள் அவன் அடுத்த கதாபாத்திரத்துக்குப் பகடை உருட்டியிருந்தான்.

என் பழைய குழுவில் சாவுக்கு யாரும் நின்றதில்லை.

கைகாக்ஸ் 2008-இலும் ஆர்னெசன் 2009-இலும் காலமானார்கள். அவர்கள் இல்லாமலும் ஆட்டம் நடக்கிறது என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் புதியவர்களை மேசைக்கு அழைப்பதுதான் காரணம். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் உங்களிடம் சில வேண்டுகோள்கள். முதல் நாளே எல்லா விதியையும் ஒப்பிக்காதீர்கள். உங்கள் பழைய குழுவின் வீரக் கதைகளைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். வரைபடம் வரையும் பென்சிலைப் புதியவர் கையில் கொடுங்கள். சாவு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு விடை தெரிந்த கேள்வியை அவர்கள் கேட்டாலும், பகடையைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேளுங்கள்.