பொலிகிடாய் வளர்க்கலாமா?

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து வந்து சித்தூர் மாவட்டத்தில் குடியேறிய நம்மவர் பலருக்கு நிலபுலன் கிடையாது. சம்பளமும் கூலியும் போதாத மாதங்களில் கைகொடுப்பவை கொட்டிலில் நிற்கும் நான்கு வெள்ளாடுகளே. பள்ளிச் செலவு வந்தால் ஒரு குட்டியை விற்கிறோம். மருத்துவச் செலவு வந்தால் இரண்டை விற்கிறோம். இவ்விதம் ஆடே நமக்கு அஞ்சலகச் சேமிப்பாக விளங்குகிறது. அச்சேமிப்பு பெருகுவதும் தேய்வதும் பெரும்பாலும் கிடாயைப் பொறுத்தவை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆதலால், வீட்டில் ஒரு பொலிகிடாயை நிறுத்திக்கொள்வதா, விற்றுவிடுவதா என்னும் கேள்வியை இவ்விதழில் ஆராய விரும்புகிறோம்.

பங்காருபாளையம் சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். சுற்றிலும் தோத்தாபுரி மாந்தோப்புகள். ஒட்டுக்கன்றுகளின் இளந்துளிரைக் கட்டவிழ்ந்த கிடாய் ஒன்று நாழிகைப் பொழுதில் மொட்டையடித்துவிடும். தோப்பு தெலுங்கருடையது, ஆடு தமிழருடையது என்றால், ஆடு செய்த குற்றம் ஆட்டுக்காரர் எல்லோருடைய குற்றமுமாக மாற நெடுநேரம் ஆகாது. எனவே இங்கே கிடாய் வளர்ப்போர் தீனிக் கணக்கோடு அண்டை அயலாரின் மனக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் வரவு செலவைக் காண்போம். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். நல்ல பராமரிப்பில் ஒரு பெட்டையாடு இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை ஈனும். ஆகவே நான்கு பெட்டைகள் உள்ள வீட்டில் கிடாய்க்கு ஆண்டில் ஆறு முறைதான் வேலை. ஏனைய நாட்களிலும் அது தின்னத்தான் செய்யும். வளர்ந்த கிடாய்க்கு நாளொன்றுக்கு நான்கு கிலோ பசுந்தழை என்று கொண்டாலும், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் ஆகிறது. அதே தழையில் இன்னொரு பெட்டையை வளர்த்தால் குட்டிகளாவது மிஞ்சும்.

நாற்றமும் ஒரு தொல்லையே. கிடாயின் கொம்படியில் மணச்சுரப்பிகள் உள்ளன. பருவ வேகத்தில் அது தன் தாடியின் மீதும் முன்னங்கால்களின் மீதும் சிறுநீரைப் பீய்ச்சிக்கொள்ளும். கறவை ஆடுகளுடன் சேர்த்துக் கட்டினால் பாலிலும் அந்த வாடை ஏறும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வசிக்கும் நம்மவர் இதைக் கருதாமல் இருத்தல் இயலாது.

அவ்வாறாயின் கிடாயே வேண்டாமெனலாமோ? அதுவும் பொருந்தாது. பெட்டை 21 நாட்களுக்கொரு முறை பருவத்துக்கு வரும். அப்பருவம் ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வரையே நிற்கும். அதற்குள் கிடாய் கிட்டாவிடில் மேலும் மூன்று வாரம் வீணாகிறது. மும்முறை தவறினால் இரண்டு மாதத் தீனி வீண். உறைவிந்து முறை வெள்ளாட்டுக்கும் வந்துள்ளது. ஆயினும் அதற்கும் பருவக்குறியை நேரம் தவறாமல் கண்டறிதல் வேண்டும்.

இவை அனைத்திலும் பெரிய இடர் ஒன்றுண்டு. நம் கொட்டிலில் பிறந்த ஆண்குட்டிகளில் கொழுத்ததும் நெடியதும் எதுவோ, அதனையே கங்கையம்மன் ஜாத்திரைக்கும் பக்ரீத்துக்கும் முதலில் விலை பேசி அனுப்பிவிடுகிறோம். விலைபோகாத நோஞ்சான் பட்டியில் எஞ்சுகிறது. அதுவே அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிறது! நல்ல நெல்லை விற்றுவிட்டுப் பதரை விதைநெல்லாக வைப்பாருண்டோ? ஆட்டில் மட்டும் அதனை ஆண்டுதோறும் செய்கிறோம்.

மேலும், எஞ்சிய கிடாய் தன் தாயுடனும் தமக்கையுடனும், பிறகு தன் மகளுடனும் கூடுகிறது. கிடாயின் இரத்தத்தில் பாதி மகளுக்கு உண்டு. அம்மகளுக்கும் அதே கிடாய்க்கும் பிறக்கும் குட்டியில் அந்த ஒரே இரத்தம் முக்கால் பங்காகிறது. இவ்வாறு நெருங்க நெருங்கக் குட்டியின் எடை குறையும், சாவு மிகும், சினைபிடிப்பும் தளரும். ஆண்குட்டிகள் நான்கைந்து மாதத்திலேயே பருவமடையக் கூடியவை. எனவே பொலிக்கு வேண்டாதவற்றை மூன்றாம் மாதத்திலேயே தனியே பிரிக்க வேண்டும்; அல்லது காயடித்துவிட வேண்டும்.

நமது கருத்து இதுதான்: தனி வீட்டுக்குக் கிடாய் வேண்டாம், ஐந்து வீடுகளுக்குச் சேர்த்து ஒன்று வேண்டும். 2021-ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கத்தில் ஆட்டுப் பண்ணைக்கு 500 பெட்டைக்கு 25 கிடாய் என்று அளவு வகுத்தனர். அதாவது இருபதுக்கு ஒன்று. வீட்டுக்கு நான்காக ஐந்து வீட்டில் இருபது பெட்டை இருக்குமானால் கணக்குச் சரியாகிறது. இங்கிலாந்திலும் 1879-இல் தோன்றிய பிரிட்டிஷ் வெள்ளாட்டுச் சங்கம், எளிய குடும்பத்தாரின் ஆடுகளுக்கு உயர்ந்த கிடாய் குறைந்த கட்டணத்தில் கிடைக்கத் திட்டம் நடத்தியதுண்டு. அந்நாட்டில் உருவான ஆங்கிலோ-நூபியன் இனத்தில் நம் எட்டாவாப் பக்கத்து ஜமுனாபாரியின் இரத்தமும் கலந்திருக்கிறது. குடிபெயர்ந்து போய்ப் பெயரெடுத்தவர்களில் ஆடும் உண்டு போலும்!

பொதுக்கிடாயை எவ்வாறு தேர்வது? இரட்டைக் குட்டியில் பிறந்ததாகவும், தாய் மிகுந்த பால் தந்ததாகவும் இருத்தல் நலம். கால்கள் நேராகவும், விரைகள் இரண்டும் ஒத்த அளவினவாகவும் இருத்தல் வேண்டும். கொம்புள்ளதே ஏற்றது, இரு பக்கமும் பிறவியிலேயே கொம்பில்லாதவை கூடினால் ஆணுமன்றிப் பெண்ணுமன்றி மலட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. ஓராண்டு நிரம்பிய பின்னரே முழு வேலைக்கு விட வேண்டும். இரண்டு ஆண்டுகள் ஆனதும், தன் மகள்களை நெருங்கவிடாமல், வேற்றூர்க் கிடாயோடு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பல வீட்டு ஆடுகளுடன் பழகும் கிடாய் நோயையும் சுமந்து திரியக்கூடும். வாங்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் புரூசெல்லா நோய் இல்லையென்று தெளிதல் அவசியம். அந்நோய் சினையைக் கலைப்பதுடன், காய்ச்சாத பால் வழியாக மனிதரையும் தாக்கும். ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியையும் தவறவிடலாகாது.

ஐந்து வீட்டார் கூடினால் பூசல் வராதா என்று கேட்பீர்கள். தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் வராது. விலையில் அனைவருக்கும் சமபங்கு; விசாலமான கொல்லையுள்ள ஒருவர் காப்பாளர்; தீனிச் செலவு பெட்டைக் கணக்குப்படி; வெளியார் தரும் கட்டணம் தீனி நிதிக்கு; விற்கும் நாளில் வரும் தொகை மறுகிடாய்க்கு. இவ்வைந்தும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் அடங்கும்.

அந்த ஐந்து வீட்டாரும் தமிழராகவே இருக்க வேண்டுமென்பதில்லை. தோப்புக்காரரான ரெட்டியாரோ நாயுடுவோ ஒரு பங்காளியானால், கிடாய் அவருக்கும் சொந்தமாகும். அது வேலி தாண்டாமல் காக்கும் அக்கறை அவருக்கும் உண்டாகும். ஆகவே அன்பர்கள், வரும் ஜாத்திரைக்கு வியாபாரி வாசலில் வந்து நிற்குமுன்பே அண்டை வீட்டாருடன் அமர்ந்து பேசி, கூட்டத்திலுள்ள சிறந்த ஆண்குட்டி ஒன்றையேனும் விலைக்குக் கொடாமல் நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.